உயிர் தப்பிய தம்பி சாட்சி சொல்ல மறுக்கிறார்: மருத்துவரின் பதில்

கேள்வி

என் தம்பிக்கு இப்போது 21 வயது. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலய முற்றத்தில் குண்டு வெடித்தபோது அவனுக்கு 15 வயது. கழுத்திலும் இடது கையிலும் தீக்காயம், ஒரு காதில் செவிப்பறை கிழிந்தது, தொடையில் சிறிய இரும்புக் குண்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. வீதியால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர்தான் அவனைத் தூக்கி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். காயங்கள் ஆறிவிட்டன. ஆனால் அவன் எங்களோடு பேசுவது குறைந்துவிட்டது. நித்திரை இல்லை. ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறான். தேவாலயத்துக்கு வருவதே இல்லை. வருகிற உயிர்த்த ஞாயிறன்று அவன் மேடையேறி, கடவுள் தன்னைக் காப்பாற்றியதைச் சபையார் முன் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று சபையில் கேட்கிறார்கள், அம்மாவும் வற்புறுத்துகிறார். அந்த முச்சக்கரவண்டிக்காரர், அவர் ஒரு முஸ்லிம், தம்பியை ஒருமுறை பார்க்க விரும்புவதாக ஆள்மூலம் சொல்லியனுப்பினார். தம்பி முடியாது என்றுவிட்டான். நன்றி கெட்டவன் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். ஒருநாள் என்னிடம் மட்டும், "என்னைத்தான் முதலில் தூக்கினார்கள் அக்கா, அவன் எனக்குப் பக்கத்தில்தான் கிடந்தான்" என்றான். அன்று இறந்துபோன சிநேகிதனைச் சொல்கிறான். "நானும் போயிருக்கலாம்" என்றும் சொன்னான். இப்போது முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வருடங்கள் கடந்தும் ஏன் இப்படி? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி (அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன)

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு விடயங்கள் காத்திருக்கக் கூடாதவை. அவற்றை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

ஒன்று, "நானும் போயிருக்கலாம்" என்று தம்பி சொன்னது. இப்படிச் சொல்கிற எல்லோரும் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுகிறவர்கள் அல்லர். பக்கத்தில் இருந்தவரை இழந்து தாம் மட்டும் மிஞ்சியவர்கள் பலரும் என் முன்னால் இருந்து இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அதை நீங்களாக ஊகித்து ஆறுதல் அடைந்துவிடாமல், அமைதியான ஒரு நேரத்தில் அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். "சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா? எப்படி என்றும் யோசித்திருக்கிறாயா?" என்று இந்தச் சொற்களிலேயே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயம் குடும்பங்களில் உண்டு. அப்படி நடப்பதில்லை, கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பாரம் குறைகிறது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் பூச்சிமருந்தோ, சேர்த்துவைத்த மாத்திரைகளோ இருந்தால் அகற்றிவிடுங்கள். இரவில் யாரிடம் கேட்பது என்று திகைத்து நின்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

மற்றது, எம்.ஆர்.ஐ. பரிசோதனை. அந்த இயந்திரம் மிக வலிமையான காந்தம் ஒன்றைக் கொண்டு இயங்குவது. தொடையில் இருப்பது உருக்கினால் ஆன குண்டு என்றால் அந்தக் காந்தப் புலத்தில் அது அசையவோ சூடேறவோ கூடும், அதற்கு அருகில் பெரிய இரத்தக் குழாயோ நரம்போ இருந்தால் அது ஆபத்தாகிவிடும். ஆகவே பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த மருத்துவரிடமும், ஸ்கான் எடுக்கும் இடத்திலும், உடலில் குண்டுவெடிப்பின் இரும்பு இருக்கிறது என்பதை வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள். அவர்கள் முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்து, தொடையில் மட்டுமன்றி வேறு இடங்களிலும், குறிப்பாகக் கண்ணைச் சுற்றி, கவனிக்கப்படாத துணுக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எம்.ஆர்.ஐ. பாதுகாப்பானதா, சி.ரி. ஸ்கான் போதுமா என்று முடிவு செய்வார்கள். அந்தக் குண்டு ஆறு வருடங்களாக அங்கேயே கிடக்கிறது என்பதற்காக மட்டும் அதை எடுக்க வேண்டியதில்லை. உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறை கட்டிவிடுகிறது. மூட்டுக்குள் இருந்தால், நரம்பை அழுத்தினால், சீழ் வைத்தால், அல்லது தோலுக்கடியில் மேலெழுந்து வந்து உறுத்தினால் எடுத்துவிடுவது நல்லது.

இனி, உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் அந்த வாசகத்துக்கு வருகிறேன். "என்னைத்தான் முதலில் தூக்கினார்கள்." தம்பியின் மௌனம், தேவாலயத்துக்கு வராதது, தன்னைக் காப்பாற்றியவரைப் பார்க்க மறுப்பது எல்லாவற்றுக்கும் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் அவருடைய மீட்பைக் கடவுளின் கிருபையாகவும் ஒரு நல்ல மனிதரின் துணிச்சலாகவும் பார்க்கிறீர்கள். அவரோ அதை ஒரு தெரிவாகப் பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள் கிடந்த இடத்தில் ஒருவன் தெரிந்தெடுக்கப்பட்டான், மற்றவன் விடப்பட்டான் என்று 15 வயதில் அவர் மனம் எழுதிக்கொண்ட தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பின்படி, தான் வாழும் ஒவ்வொரு நாளும் இன்னொருவனுக்கு உரியது. இந்தக் கணக்கோடு ஒருவர் எப்படி மேடையேறி நன்றி சொல்ல முடியும்?

ஆகவே அந்த முதல் நிமிடங்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அவர் என்றாவது அறிந்துகொள்வது முக்கியம். பேரிடர்களில் பணிபுரியப் பயிற்சி பெற்றவர்கள், காயப்பட்ட ஒவ்வொருவரிடமும் மூச்சு, நாடித்துடிப்பு, சொன்னதைப் புரிந்து செய்கிறாரா என்பவற்றை ஒரு நிமிடத்துக்குள் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று அடையாளமிட்டு, யாரை முதலில் கொண்டுபோவது என்று தீர்மானிப்பார்கள். அன்று காலை ஒன்பது மணியளவில் சீயோனில் அதற்கு வழியே இல்லை. ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்ற வேளை அது. குண்டுதாரியை உள்ளே விடாமல் வெளியே நிறுத்தியதால் மண்டபத்துக்குள் நடக்கவிருந்த பேரழிவு முற்றத்தில் நடந்தது. வாகனங்கள் தீப்பற்றிப் புகை சூழ்ந்தது. அங்கே ஓடிவந்து தூக்கியவர்கள் சபையாரும் அயலவர்களும் வீதியால் போனவர்களும். அப்படிப்பட்டவர்கள் யாரையும் தெரிந்தெடுப்பதில்லை. கைக்கு எட்டியவரை, அசைந்தவரை, சத்தம் வந்த திசையில் கிடந்தவரைத் தூக்குகிறார்கள். அந்த மனிதரின் கால்கள் எந்தப் பக்கமிருந்து ஓடிவந்தன என்பதைத் தவிர உங்கள் தம்பி முதலில் தூக்கப்பட்டதற்கு வேறு காரணம் இல்லாமலே இருக்கலாம்.

இன்னுமொன்று. குண்டுவெடிப்பின் அழுத்த அலை காற்று நிறைந்த உறுப்புகளைத்தான் முதலில் தாக்குகிறது: காது, நுரையீரல், குடல். வெளியே பெரிய காயம் எதுவும் தெரியாத ஒருவர், நுரையீரல் உள்ளே கிழிந்து நிமிடங்களில் இறந்துவிடுவதுண்டு. அழுது கத்திய பிள்ளை பிழைத்துவிடுவதும் பக்கத்தில் அமைதியாகக் கிடந்த பிள்ளை போய்விடுவதும் அதனால்தான். அந்தச் சிநேகிதனுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் "அவனை முதலில் தூக்கியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்" என்று தம்பி உறுதியாக நம்பிக்கொண்டிருந்தால், அந்த உறுதிக்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்பதை ஒரு மருத்துவர் அவரோடு உட்கார்ந்து, அவர் கேட்கத் தயாராக இருக்கும் நாளில், நிதானமாக விளக்கலாம். தயவுசெய்து இந்தப் பத்தியை அவருக்கு இப்போதே வாசித்துக் காட்டாதீர்கள். குற்றவுணர்வு தர்க்கத்தால் உடனே கரைவதில்லை, அவசரப்பட்டுச் சொன்னால் "உனக்கு விளங்காது அக்கா" என்று கதவு மூடிக்கொள்ளும். இப்போதைக்கு அவர் சொன்னதைக் கேட்டது போதும். மறுபடி சொன்னால் மறுபடி கேளுங்கள். அந்தச் சிநேகிதனின் பெயரைச் சொல்லி, அவன் எப்படிப்பட்டவன் என்று விசாரியுங்கள். இறந்தவனைப் பற்றி வீட்டில் பேசலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

சாட்சி விடயத்தில் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். வருகிற உயிர்த்த ஞாயிறன்று அவரை மேடையேற்றக் கூடாது. விசுவாசத்தைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. மட்டக்களப்பில் அந்தத் தாக்குதலுக்குப் பின் பல குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தது சபைகளும் ஜெபக் கூட்டங்களும்தான், மருத்துவர்களாகிய எங்களிடம் அவ்வளவு கைகள் இருக்கவில்லை. தானாக விரும்பிச் சாட்சி சொல்கிறவருக்கு அது பெரும் ஆறுதல். வற்புறுத்தப்பட்டுச் சொல்கிறவருக்கோ, தீயையும் புகையையும் உடல் மீண்டும் அனுபவிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, கேட்பவர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள், அவர் மட்டும் அந்த முற்றத்தில் நின்றுவிடுகிறார். பேரிடருக்குப் பின் எல்லோரையும் அழைத்து ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கும் முறை ஒருகாலத்தில் பல நாடுகளில் பரவலாக இருந்தது. அது மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கே செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியபின் கைவிடப்பட்டது. அதோடு, தம்பியின் நினைவில் அன்றைய நாள் ஒழுங்கான கதையாக இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. பேரச்சத்தில் பதியும் நினைவு துண்டுதுண்டாக, ஒலியும் மணமும் வெப்பமுமாக, முன்பின் வரிசையின்றிப் பதிகிறது. வெடிப்பின் அதிர்ச்சியில் மூளையும் குலுங்கியிருக்கலாம். இடையில் உள்ள வெற்றிடங்களை மற்றவர்கள் சொன்னதைக் கொண்டு நிரப்பி ஒரு முழுச் சாட்சியாக ஒப்புவிக்கச் சொன்னால், தன் வாழ்வின் மிகக் கொடிய மணிநேரம்கூடத் தன்னுடையதில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் கோபத்தில் வற்புறுத்தவில்லை, பயத்தில் வற்புறுத்துகிறார் என்பது என் எண்ணம். பிள்ளை பிழைத்ததற்கு நன்றி செலுத்தப்படாமல் இருக்கிறதே, அது திரும்பப் பறிக்கப்பட்டுவிடுமோ என்ற தாயின் பயம். அந்த நன்றியை அம்மாவே, தன் சார்பில், தன் பிள்ளை கிடைத்த கதையாகச் சபையில் சொல்லலாமே. அன்று வைத்தியசாலை வாசலில் நின்றது அவர், அது அவருடைய சாட்சியும்தான். உங்கள் போதகரிடமும் ஒருமுறை தனியே பேசுங்கள். ஒரு மருத்துவர் இப்படி எழுதினார் என்று இந்தப் பதிலையே காட்டலாம். பொறுப்புள்ள போதகர் எவரும் ஒரு பிள்ளையின் மௌனத்தை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அந்த முச்சக்கரவண்டிக்காரரைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது, ஏனென்றால் அங்கே இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். உயிர் தப்பியவர்களுக்கு மனவடு உண்டாவதைப் போலவே தூக்கி ஓடியவர்களுக்கும் உண்டாகிறது, அவர்களைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. ஒரு சிறுவனைத் தன் வண்டியில் கிடத்தி, அவன் பிழைப்பானா என்று தெரியாமல் வைத்தியசாலைக்கு ஓட்டிச் சென்றவர் அவர். அதற்குப் பிறகு வந்த மாதங்களில், தாக்குதலோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் மக்கள் நாடெங்கும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள். 2019 மே மாதத்தில் வடமேற்கில் அவர்களுடைய வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்த நாட்களை அவர் எப்படிக் கடந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. அவர் பார்க்க வேண்டும் என்று கேட்பது நன்றியை எதிர்பார்த்து என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளை நடமாடுகிறான் என்பதைத் தன் கண்ணால் ஒருமுறை காண அவருக்கும் தேவை இருக்கலாம்.

அப்படியிருந்தும் தம்பியை அனுப்பி வைக்கச் சொல்ல மாட்டேன். அவருக்கு அந்த மனிதரின் முகம், "ஏன் என்னை?" என்ற கேள்வியின் முகம். அந்தக் கேள்வியைக் கேட்கவும் பதிலைத் தாங்கவும் அவர் தயாராகும் முன் சந்திப்பு நடந்தால் இருவருக்குமே அது காயமாகலாம். ஆனால் நீங்கள் போகலாம், அம்மாவும் போகலாம். போய், பிள்ளை நலமாக இருக்கிறான், இன்னும் யாரையும் பார்க்கும் மனநிலையில் இல்லை, எங்கள் குடும்பம் உங்களை மறக்கவில்லை என்று சொல்லி அவர் வீட்டில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். தம்பியிடம் அதை மறைக்கவும் வேண்டாம், அதைப் பற்றி விவரித்துப் பேசவும் வேண்டாம். "போய்ப் பார்த்தோம், உன்னை விசாரித்தார்" என்ற ஒரு வரி போதும்.

2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, பிக்காடில்லி தடத்து ரயிலில் இருந்த ஜில் ஹிக்ஸ் என்ற பெண் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார். கழுத்தில் இருந்த துணியால் தானே கால்களை இறுக்கிக் கட்டி இரத்தத்தை நிறுத்திக்கொண்டு, இருட்டில் மீட்பாளர்கள் வரும்வரை காத்திருந்தார். வைத்தியசாலைக்கு அவர் வந்து சேர்ந்தபோது கையில் கட்டியிருந்த அடையாளத்தில், யாரென்று தெரியாத ஒருவர், பெண்ணாக இருக்கலாம் என்ற அளவில்தான் எழுதியிருந்தது. பெயரோ நாடோ மதமோ தெரியாத ஓர் உடலுக்காகத் தங்கள் உயிரைப் பணயம் வைத்தவர்களைப் பின்னர் அவர் சந்தித்தார், சமாதானத்துக்கான பணியைத் தன் வாழ்க்கையாக்கிக்கொண்டார். எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டு. ஆனால் அது அவருடைய வழி. உயிர் தப்பியவர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவரை எடுத்துக்காட்டி உங்கள் தம்பியை எவரும் அளந்தால் அது அநீதி. குண்டுவெடிப்பிலிருந்து மீட்கப்பட்ட ஒருவர், மீட்கப்பட்டதற்காக ஊருக்கோ சபைக்கோ உறவினருக்கோ எதையும் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. அவர் எழுந்து பல் துலக்கி, சாப்பிட்டு, ஒரு வேலைக்குப் போய் வந்தால் அதுவே அந்த மனிதர் வண்டியோட்டியதன் பலன்.

"ஆறு வருடங்கள் கடந்தும் ஏன் இப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த அறிகுறிகள் முதல் மாதங்களில் தணிந்துவிடுகின்றன. சிலருக்குத் தங்கிவிடுகின்றன, அது மனத்தின் பலவீனத்தால் அன்று. உங்கள் நாட்டில் அதற்குத் தூண்டுதல்களும் ஓயவில்லை. 2022-ல் நீண்ட மின்வெட்டுகளின்போது தெருவெங்கும் ஜெனரேட்டர்கள் ஓடிய மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஏப்ரலிலும் சித்திரைப் புத்தாண்டுக்கு வெடி கொளுத்துகிறார்கள், ஒரு கிழமையில் குண்டு வெடித்த 21ஆம் திகதி வருகிறது. உயிர்த்த ஞாயிறோ ஆண்டுக்காண்டு நகர்கிற நாள். 2024-ல் அது மார்ச் 31-ல் வந்தது, 2025-ல் ஏப்ரல் 20-ல் வந்தது, 2026-ல் ஏப்ரல் 5-ல் வருகிறது. ஆகவே அவருக்கு நினைவு நாள் ஒன்றல்ல, இரண்டு. மார்ச் இறுதியிலிருந்தே அவர் சுருங்கத் தொடங்குகிறாரா என்று கவனியுங்கள். அப்படியானால் அந்த வாரங்களை முன்கூட்டியே அவரோடு சேர்ந்து திட்டமிடுங்கள். வெடிச்சத்தம் குறைந்த ஓர் உறவினர் வீட்டுக்குப் போவதா, தேவாலயத்துக்குப் பதிலாகச் சிநேகிதனின் கல்லறைக்கு நீங்கள் இருவர் மட்டும் வேறொரு நாளில் போவதா என்று அவரே சொல்லட்டும்.

அவர் பேசுவது குறைந்ததற்கு மனம் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். காதைப் பாருங்கள். வெடிப்பில் கிழிந்த செவிப்பறை சில மாதங்களில் தானாக மூடிக்கொள்வது வழமைதான், ஆனால் உட்காதின் நுண்ணிய உணர்கலங்கள் அழிந்திருந்தால் அவை மீள வளர்வதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. தனியே இருக்கும்போது நன்றாகப் பேசுவார்கள், நாலுபேர் கூடிப் பேசும் இடத்தில் எதுவும் பிடிபடாமல் ஒதுங்கிவிடுவார்கள், அதைக் குடும்பத்தினர் கோபம் என்றும் அலட்சியம் என்றும் எடுத்துக்கொள்வார்கள். கூடவே ஓயாத இரைச்சல் காதுக்குள் இருந்தால் நித்திரை வராததற்கும் அது காரணமாகலாம். வெடிப்பில் தோல் துணுக்குகள் நடுக்காதுக்குள் புகுந்து, பல வருடங்கள் கழித்து அங்கே கட்டியாக வளர்ந்து எலும்பை அரிப்பதும் உண்டு. எனவே காது, மூக்கு, தொண்டை நிபுணர் ஒருவரிடம் காட்டி, செவிப்புலன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நான் பார்த்த குடும்பங்களில் இந்த ஒரு பரிசோதனைக்குப் பிறகே வீட்டுச் சண்டைகள் பாதியாகக் குறைந்ததுண்டு.

தழும்பைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 15 வயதில் கழுத்தில் தீக்காயப்பட்டவர் அதன்பின் வளர்ந்திருக்கிறார், தழும்போ அவரோடு சேர்ந்து நீள்வதில்லை. தலையை முழுமையாகத் திருப்ப முடிகிறதா, அண்ணாந்து பார்க்க முடிகிறதா, இடது முழங்கை முற்றாக நிமிர்கிறதா என்று பாருங்கள். கழுத்து இழுபட்டு உடல் ஒருபக்கம் சாய்ந்தே இருந்தால் அந்த முதுகு வலிக்கேகூட அது காரணமாகலாம். இழுபட்ட தழும்பைத் தளர்த்தும் சத்திரசிகிச்சையைப் பல வருடங்கள் கழித்தும் செய்யலாம், அதன்பின் உடற்பயிற்சி சிகிச்சை கட்டாயம் வேண்டும். தீக்காயத்தில் வியர்வைச் சுரப்பிகள் அழிந்த தோல் வியர்க்காது என்பதால் மட்டக்களப்பு வெயிலில் அவருக்குப் புழுக்கம் மற்றவர்களைவிட அதிகம். வெளியே வர மறுப்பதை இதையும் சேர்த்து யோசியுங்கள்.

மனவடுவுக்குச் சிகிச்சை உண்டு, ஆறு வருடம் கழித்துத் தொடங்கினாலும் அது பயன் தரும். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டல் இரண்டு முறைகளைப் பரிந்துரைக்கிறது. ஒன்று மனவடுவை மையமாகக் கொண்ட அறிதல் நடத்தைச் சிகிச்சை, மற்றது கண்களை இருபுறமும் அசைத்தபடி நினைவைப் பதப்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். முறை. வாரம் ஒருமுறை என்ற கணக்கில் சுமார் 8 முதல் 12 அமர்வுகள் வரை போகும், இழப்பும் குற்றவுணர்வும் சேர்ந்திருந்தால் கூடலாம். இங்கேயும் அவர் நடந்ததைச் சொல்லத்தான் போகிறார், ஆனால் எப்போது, எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்பதை அவரே தீர்மானிப்பார், உடல் பதறும்போது அதை அடக்கும் வழியை முதலிலேயே கற்றுக்கொண்டிருப்பார். "என்னை முதலில் தூக்கினார்கள்" என்ற வாசகத்தைப் பிரித்துப் பார்ப்பதற்குரிய இடம் அதுதான். நித்திரையும் பதற்றமும் மிக மோசமாக இருந்தால் செற்றலின் போன்ற மனச்சோர்வுக்கான மாத்திரையை உளநல மருத்துவர் சேர்க்கலாம். நித்திரை மாத்திரையை மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் போடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அது மனவடுவை ஆற்றுவதில்லை, பழக்கமாகி விடுகிறது. மதுவும் அப்படித்தான்.

அவராக வந்து சிகிச்சை கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். லண்டன் குண்டுவெடிப்புக்குப் பின் அங்குள்ள உளநல சேவையினர் உயிர் தப்பியவர்களைத் தாங்களாகவே தேடித் தொடர்புகொண்டு விசாரித்ததில், சிகிச்சை தேவைப்பட்ட பலர் அதுவரை யாரிடமும் போகாமலே இருந்தது தெரியவந்தது. குடும்ப மருத்துவர்கள் அனுப்பி வந்தவர்கள் மிகச் சிலரே. மனவடுவின் இயல்பே அதை நினைவூட்டும் எதையும் விட்டு விலகுவது என்பதால், சிகிச்சையிலிருந்தும் அவர்கள் விலகி நிற்கிறார்கள். "உனக்கு மனநோய், மருத்துவரிடம் வா" என்று தொடங்காமல், நித்திரைக்கும் காதுக்கும் முதுகுக்கும் பார்ப்போம் என்று தொடங்குங்கள். முதல் அமர்வுக்கு நீங்கள் கூடப் போங்கள், உள்ளே வர வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள்.

இழப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் அதிகாரிகளும் தம் சொந்தப் பணத்திலிருந்து மொத்தம் 31 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தம்பியின் பெயர் காயமடைந்தோர் பட்டியலில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா, செவிப்புலன் இழப்பு அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து, இழப்பீடுகளுக்கான அலுவலகத்துக்கு எழுதுங்கள். அந்த அலைச்சலைத் தம்பிமேல் சுமத்தாமல் நீங்களோ இன்னோர் உறவினரோ செய்யுங்கள். ஒவ்வொரு மேசையிலும் அவர் நடந்ததைத் திரும்பச் சொல்லும்படி நேரக் கூடாது.

நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள், உங்களுக்கு நித்திரை வருகிறதா என்பது எனக்குத் தெரியவில்லை. தம்பியை உளநலப் பிரிவுக்கு அழைத்துப் போகும் நாளில் உங்களுக்கும் ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயும் செவிப்புலன் அறிக்கையும் கைக்கு வந்ததும், தம்பி சம்மதித்தால், அவற்றில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்தது என்ன என்பதை அப்போது பார்ப்போம்.